இலைக்கு நகப்பூச்சு

எண்ணூர் விரைவுச் சாலையின் நடுத்திட்டில்
இருநூற்றுப் பதினேழு கன்றுகள் என் பொறுப்பு.
புங்கன், பூவரசு, வேம்பு,
இன்ன மரமென்று யாருக்கும் தெரியாத ஒன்று.
ஒப்பந்தக்காரரின் பட்டியலில் அது 'இதர'.
நான் இதரா என்று கூப்பிடுகிறேன்.

பதிவேட்டில் இரண்டே கட்டம்:
உள்ளது. பட்டது.
இடையில் கோடுதான், எழுத இடமில்லை.

ஐப்பசி மழை இந்த வருஷம்
கடலிலேயே பெய்து தீர்த்துக்கொண்டது.
மாசியில் குழிமண் கெட்டித்துப்போய்
குச்சியால் தட்டினால் ஓட்டுச் சத்தம்.
தேசப்பன் லாரி திங்களும் வியாழனும் வரும்,
கொடுங்கையூரில் வடிகட்டிய தண்ணீரோடு.
கன்றுக்கு ஒரு குடம் கணக்கு.
கன்டெய்னர் வண்டிகள் வரிசைகட்டி நின்றால்
அரைக் குடம்.

தூசியில் எனக்கு ரெண்டு ஜாதி தெரியும்.
சாம்பல், குழந்தைப் பவுடர் மாதிரி வழுக்கும்.
கரித்தூள் விரலில் மினுங்கிக்கொண்டு ஒட்டும்,
சோப்புக்குப் போகாது.
எண்ணியது மறக்காமலிருக்க
இலைமேல் விரலால் எண் எழுதிவைப்பேன்.
மறுநாள் போனால்
எல்லாம் எழுதாத சிலேட்டு.

ஒருநாள் ஷமீனா வந்தாள்,
வண்ணாரப்பேட்டைக் கல்லூரிப் பெண்.
பையிலிருந்து எடுத்தது நகப்பூச்சு.
நிறமில்லாதது, பதினைந்து ரூபாய்.
கல்யாணத்துக்குக்கூட நான் நகத்தில் எதுவும் பூசியதில்லை.
அவள் பூவரசின் இலையைத் திருப்பி
அடிப்பக்கம் பூசினாள்.
ஊதினாள். காய்ந்ததும்
செல்லோடேப் ஒட்டி உரித்தெடுத்தாள்,
காயத்துப் பொருக்கை எடுப்பதுபோல்.

லென்சில் என்னையும் பார்க்கச் சொன்னாள்.
வாய்கள்.
ஒரு நகக்கண் அளவில் நூறு வாய்கள்,
எல்லாம் உதட்டைக் கடித்துக்கொண்டு.

"தண்ணி இல்லல்லக்கா, மூடிக்கிச்சு.
மூடினா மூச்சும் கிடையாது சோறும் கிடையாது.
ஆனா புகையும் உள்ள போகாது."
"திறந்தா?"
டேப்பைச் சுற்றி வைத்தாள்.
"நீங்க ஊத்தினா திறக்கும்" என்றாள்,
என் கையிலிருந்த ஹோஸைப் பார்த்து.

அன்றிரவு எர்ணாவூரில்
பதினொரு மணிக்கு அந்த நாற்றம் வந்தது.
அழுகிய முட்டை, அதற்கடியில் ஏதோ இனிப்பு.
ஜன்னலைச் சாத்தி
இடுக்கில் ஈரத்துணி செருகினேன்.
கரன்ட் போனது.
சின்னவன் முதுகில் பாயின் கோடுகள் வேர்த்தன.
திறந்தேன், இருமினான்.
சாத்தினேன், புழுங்கி அழுதான்.
கடைசியில் ஒரு செருப்பைக் குறுக்கே வைத்து
ஜன்னலைப் பாதியில் நிறுத்தினேன்.
விடியும்வரை அந்தச் செருப்பையே
பார்த்துக்கொண்டிருந்தேன்.

வியாழன் காலை இதராவிடம் போனேன்.
ஒரு இலை இல்லை.
தண்டில் நகத்தால் கீறினேன்,
உள்ளே பச்சை,
பயத்தம்பருப்புத் தோல் அளவுக்கு.
பேனாவை எடுத்தேன், மூடி வைத்தேன்.

தேசப்பன் ஹாரன் அடிக்கிறான்,
டிரிப் கணக்கு போகிறதாம்.
நான் மணலிப் பக்கம் புகைபோக்கியைப் பார்க்கிறேன்.
புகை இன்னும் எங்கள் பக்கம்தான் சாய்ந்திருக்கிறது.
கடல்காற்று ஏற மணி பதினொன்றாகும்.
அதுவரை இலைகளை மட்டும் கழுவுகிறேன்,
வேருக்கு விடாமல்.
பைத்தியமா உனக்கு என்கிறான்.
இருக்கலாம்.

பதினொன்றேகாலுக்குக் காற்று திரும்பியது.
ஹோஸைக் குழியில் வைத்தேன்.
மண் ஒரு ஏப்பம் விட்டுக் குடித்தது.

புகை இப்போது மாதவரம் பக்கம் போகிறது.
அங்கேயும் ஒரு நடுத்திட்டு இருக்கும்.
அங்கேயும் ஒருத்தி
தண்ணீரைத் திறப்பதா வேண்டாமா என்று
இந்தப் பக்கம் பார்த்து நிற்பாள்.